முதலில் பார், பிறகு ராவு

கிதார் கற்கத் தொடங்கி ஆறு மாதத்தில் அதை அட்டத்தில் ஏற்றியவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "எனக்கு விரல் செட் ஆகலைங்க" என்பார்கள். அந்தக் கிதாரை வாங்கிப் பார்த்தால் பல நேரம் கதை வேறாக இருக்கும். ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஆறாவதில் கம்பி உரசி 'கிர்ர்' என்கிறது. விரலில் பிழையில்லை, ஆறாவது துளி உயர்ந்து நிற்கிறது. கருவியின் கோளாறைக் கற்பவரின் தலையில் கட்டி, "இன்னும் நல்லா அழுத்துப்பா" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

அதைவிடப் பெரிய சண்டை, இதற்குத் தீர்வாக விற்கப்படும் 'முழு கிட்'டோடு. பெட்டி நிறைய அரமும் உப்புத்தாளும். வாங்கிய கை சும்மா இருக்குமா? ராவத் தொடங்கிவிடும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒன்று கெட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். வீணைக்கும் அந்தச் சலுகை உண்டு: அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை, மெழுகை இளக்கி மறுபடி அமைக்கலாம். கிதாரிலோ ஃப்ரெட்டை மரத்தின் பள்ளத்துக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். வெளியே தெரியும் உயரமே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அரம் தின்றது தின்றதுதான்.

ஆகவே என் கட்சி இது: வெட்டுகிற கருவிக்கு முன் பார்க்கிற கருவிக்குக் காசு போடுங்கள். மூன்று போதும். ஒன்று, ஃப்ரெட்டுகளுக்கு இடம்விட்டு வெட்டிய நேர்விளிம்புச் சட்டம். நெக்கின் மரம் நேராக இருக்கிறதா என்று சொல்லும். இரண்டு, ஃபீலர் கேஜ். பைக் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ணும்போது இடுக்கில் விடுகிறாரே, அதே தகடுகள். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவதின் மேல் இடைவெளியை அளங்கள். ஸ்டீல் கம்பிக் கிதாருக்குச் சுமார் 0.2 மி.மீ. போதும். மூன்று, அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பார்க்கும் சின்ன எஃகுத் தகடு. ஆடினால் நடுவிலுள்ளது உயரம்.

இவை பல சமயம் 'ராவாதே' என்றுதான் சொல்லும். நெக் பின்னோக்கி வளைந்திருந்தால், உள்ளே ஓடும் டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினாலே உரசல் போகலாம். கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஒரு ஃப்ரெட் மட்டும் பள்ளத்திலிருந்து கிளம்பியிருந்தால், மெல்லத் தட்டி உட்காரவைக்க வேண்டும். இரண்டுக்கும் அரம் தேவையே இல்லை.

அதற்குப் பிறகும் மேடுபள்ளம் மிஞ்சுகிறதா? அப்போ ராவுங்கள். நெக்கை நேராக்கி, மரத்தில் டேப் ஒட்டி, ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் மை பூசி, வளையாத சமதளச் சட்டத்தில் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். எல்லாத் தலையிலும் மை அழிந்ததும் நிறுத்துங்கள். தட்டையான தலையை மறுபடி உருட்டக் குழிவான கிரவுனிங் அரம் வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. தலை தட்டையாகவே இருந்தால் கம்பி தொடும் இடம் நகர்ந்து சுருதி பிசகும்.

"மலிவு கிதாருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்பார்கள். அதற்குத்தான் மெனக்கெட வேண்டும். விலையுயர்ந்த கிதார் வைத்திருப்பவருக்கு நல்ல ரிப்பேர்காரரைத் தெரியும். மலிவுக் கிதாரோடு மல்லுக்கட்டும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு "உன் விரல் சரிதான்" என்று சொல்ல யாரும் இல்லை. விரல் நீளத் தகடு ஒன்று அதைச் சொல்லிவிடும்.