புட்டிப்பால் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்குப் பல்லைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்காதீங்க நண்பர்களே. இதுவும் ஒரு வரவு செலவு கணக்குதான்.

எங்க ராயக்கோட்டையில் விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஓசூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போறவங்களில் கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுட்டுப் போற அம்மாக்களும் உண்டு. வீட்டில் புட்டிப்பால். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க எங்கே தாய்ப்பால் கொடுக்குறாங்க" என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிடும். எனக்கு அதில்தான் கோபம்.

முதலில் அறிவியல். தாய்ப்பாலில் சத்து இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடிக்கிற விதமும் முக்கியம். மார்பில் குடிக்கும் குழந்தை தாடையை அசைத்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே உழைக்கிறது. தாடைக்கும் அண்ணத்துக்கும் அதுதான் உடற்பயிற்சி. புட்டியில் இந்த உழைப்பு குறைவு. தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் பல்வரிசைக் கோளாறு சுமார் 68 சதவீதம் குறைவு என்கிறது 2016-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரைத் தொடர். (பரம்பரையும் ஒரு காரணம், மறுக்கவில்லை.)

அண்ணம்தான் மூக்கின் தரை. அது குறுகினால் மூக்குக்கும் இடம் குறையும். வாயால் மூச்சு விடும் பழக்கம் வந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், அண்ணத்துக்குத் தாங்கல் போய்விடும். எகில் ஹார்வோல்ட் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த ஆய்வில் (1981) அவற்றின் பல்வரிசையே மாறிப்போனது. மனிதர்களுக்கு வாய் உலர்வதால் சொத்தை, குறட்டை, கெட்ட தூக்கம்... கிளிப் போட்டால் பல்லுக்குப் பல்லாயிரம் செலவு!

இப்போ கணக்குக்கு வருவோம். 1992-லேயே பால் புட்டி விளம்பரத்தைச் சட்டம் தடை செய்துவிட்டது. விளம்பரம் இல்லாமலே புட்டி விற்கிறதே, எப்படி? ஷிப்டு நேரம் விற்கிறது. 2017-ல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, நல்ல விஷயம். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தால் மிச்சம் 18. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு 2 வயது வரைக்கும் அதற்கு மேலும். இடையில் விழும் துண்டை யார் கட்டுவது?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினம் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் பச்சைக் குழந்தையோடு இருட்டில் பஸ் ஏறுவது யாரால் முடியும்? அதனால் என் யோசனை எளிமையானது. தொழிற்சாலையில் பால் எடுத்து வைக்க ஒரு மறைவான அறை, ஒரு பிரிட்ஜ், அதற்குச் சம்பளம் பிடிக்காத இடைவேளை. வீட்டில் பாட்டி அந்தப் பாலைப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டட்டும், அது அவங்களுக்குப் பழகின வித்தைதான். மார்பில் குடிப்பதற்கு அது முழு ஈடு இல்லை. ஆனால் பால் வற்றாது, வீட்டுக்கு வந்ததும் தாய் தானே கொடுக்கலாம்.

2015-ல் தமிழக அரசு பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்களுக்கு அறை திறந்தது. பஸ் ஸ்டாண்டில் முடிந்தது, கோடிக்கணக்கில் முதலீடு போடும் தொழிற்சாலையில் முடியாதா?

கம்பெனி இன்றைக்கு மிச்சம் பிடிக்கும் அரை மணி நேரத்துக்கு, குழந்தை ஆயுசு பூரா வட்டி கட்டுகிறது. அம்மாவைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.