விடுப்பு எடுத்தால் குற்றமா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 29 சட்டங்களை விழுங்கிய இத்தொகுப்புகளின் புகழ் பாடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் ‘சலுகை’ ஒன்று உண்டு. ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைப் பெற, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 240 நாட்கள் பணியாற்றியிருக்க வேண்டும். இனி 180 நாட்கள் போதும் என்பதே அது.

அந்த அளவில் அது முன்னேற்றமே, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தகுதிக்கான நாட்களைக் குறைத்தவர்கள் விடுப்பின் அளவைத் தொடவில்லை. 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் விடுப்பு என்பது 1948இல் வகுக்கப்பட்ட விகிதம். 2020இல் இயற்றிய தொகுப்பிலும் அதே விகிதம்தான். ஆண்டில் 300 நாட்கள் உழைத்தவருக்கு 15 நாட்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, ஓராண்டுப் பணிக்கு மூன்று வேலை வாரங்களுக்குக் குறையாத விடுப்பு வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை எனக் கொண்டால் 18 நாட்கள். இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை. இயந்திரங்கள் மாறின, உற்பத்தித்திறன் பன்மடங்கு பெருகியது. பெருகிய செல்வத்திலிருந்து தொழிலாளியின் ஓய்வுக்கென ஒரு நாள்கூடக் கூடுதலாக ஒதுக்கப்படவில்லை.

அந்த 15 நாட்களும் யாருக்கு? 10 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் பட்டறைகளும் கடைகளும் பொதுவாக இத்தொகுப்பின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. வீட்டு வேலை செய்யும் பெண்களும் வெளியேதான். செல்பேசிச் செயலியின் கட்டளைக்கேற்ப வீதிகளில் விரையும் விநியோக ஊழியர்களை நிறுவனங்கள் தொழிலாளர் என ஏற்பதே இல்லை. அவர்களுக்கு ஓய்வு நாள் என்பது வருமானம் இல்லாத நாள். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டம் உண்டு. ஆனால் 180 நாட்களை மெய்ப்பிக்க வேண்டிய வருகைப் பதிவேடு ஒப்பந்ததாரரின் கையில் இருக்கிறது.

இவை அனைத்தினும் கொடியது தொழிலுறவுத் தொகுப்பில் உள்ளது. ஒரு தொழிலில் பணிபுரிவோரில் 50 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதுவும் வேலைநிறுத்தமாம்! வேலைநிறுத்தத்துக்கோ 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் முன்னறிவிப்பு நிபந்தனை பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. இப்போது எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது. முன்னறிவிப்புக் கொடுத்தால் சமரசப் பேச்சு தொடங்கும். பேச்சு நடக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் கூடாது. மீறுவோருக்கு 1,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தற்செயல் விடுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நிலையாணைகளிலிருந்து. நிலையாணைகள் கட்டாயமாக இருக்க வேண்டிய நிறுவனங்களின் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தியதும் இதே தொகுப்புதான். 299 பேர் உழைக்கும் ஆலையில் தற்செயல் விடுப்பு முதலாளியின் கருணையைப் பொறுத்தது. நிலையாணை உள்ள ஆலையிலோ, கூட்டாகப் பயன்படுத்தினால் வழக்கு.

கூட்டு விடுப்பு என்பது பெயர் மாற்றிய வேலைநிறுத்தமே என்று முதலாளிகள் வாதிடுகின்றனர். அப்படியே இருக்கட்டும். 300 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலையை அரசின் அனுமதியின்றி மூடலாம், ஆட்குறைப்பும் செய்யலாம் என முதலாளிக்கு வழி திறந்துவிட்ட அதே தொகுப்பு, தொழிலாளர்கள் ஒருநாள் சேர்ந்து வீட்டிலிருப்பதைத் தண்டிக்கிறது. தனித்தனியே எடுத்தால் உரிமை. சேர்ந்து எடுத்தால் குற்றம். சட்டம் அஞ்சுவது அந்தச் சேர்க்கைக்குத்தான்.

அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1884இல் நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1890 ஜூன் 10 அன்று, ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். காலனி அரசின் 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறையை எழுத்தில் ஏற்றது. இன்று கேள்வியின்றி அனுபவிக்கப்படும் ஞாயிறு அவ்வாறு வென்றெடுக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர், ஊழியர்களை ஞாயிறன்றும் வேலை வாங்க இயலவில்லையே என வருந்தினார். 135 ஆண்டுகளாகியும் அந்த ஒரு நாளின் இழப்பை மூலதனம் மறக்கவில்லை.

உழைப்புச் சக்தி நாள்தோறும் தேய்கிறது; ஓய்வின்றி அது மீள்வதில்லை. ஆகவே விடுப்பு என்பது ஊதியத்தின் ஒரு பகுதி. அதற்கான போராட்டமும் கூலிப் போராட்டத்தின் பகுதியே. ஒப்பந்த, செயலித் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் ஊதிய விடுப்பு வேண்டும். கூட்டு விடுப்பை வேலைநிறுத்தமாக்கும் பிரிவும், அதனைச் சுமந்துவரும் தொகுப்புகளும் திரும்பப் பெறப்பட வேண்டும். 180 நாள் சலுகையைக் காட்டி மயக்குவோருக்கு இந்த 50 விழுக்காட்டுப் பிரிவை எடுத்துக்காட்டிப் பதிலளிப்பது, ஒவ்வொரு ஆலைவாயிலிலும் கட்சி ஊழியர்கள் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி.