குளிசைப் பெட்டியும் ஒரு பூனையும்

எழுபது வயதைத் தாண்டிய நமக்குச் சலரோகமும் இரத்த அழுத்தமும் நெடுநாளைய கூட்டாளிகள். மூன்றாவதாக வந்து சேர்ந்தது ஒரு பூனை. முன்னைய இரண்டையும் போலவே இதனையும் நாம் அழைக்கவில்லை. இறக்காமத்து வயல்களில் அறுவடை முடிந்து, நெல் மூட்டைகள் வீடு வந்த வேளையில், எலிகளைத் தேடி வந்தது. எலிகள் போயின, அது போகவில்லை.

சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்குமுன்னரே அதன் குளிர்ந்த மூக்கு நம் முழங்கையில் படும். உடனே எழுந்துவிடக் கூடாதென்பது வைத்தியரின் கட்டளை. அழுத்தத்துக்குக் குளிசை விழுங்குவோர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஆகவே கட்டிலின் விளிம்பில் இரண்டு நிமிடம் அமர்ந்து, விளக்கைப் போட்டு, ஊன்றுகோலைத் தேடுகிறோம். அந்த இரண்டு நிமிடமும் பூனைக்குப் பொறுக்காது. கால்களுக்கிடையே புகுந்து எட்டு எழுதும். வயோதிபரை வீழ்த்த அதுவே போதும். இப்பொழுது முதலில் கோலைத் தரையில் இருமுறை தட்டுகிறோம். அது விலகி நின்று நம்மை அவமதிப்போடு நோக்குகின்றது.

மீன்காரரின் சைக்கிள் ஓசை கேட்டதும் அது படலையடியில் நிற்கும். நம் காலைக் குளிசையும் அந்நேரத்துக்கே உரியது. மறதி மிகுந்த நமக்கு, கடிகாரத்தைவிடச் சூடை மீனே நம்பகமான நினைவூட்டி.

ஒரு விடயத்தில் மட்டும் அதன்மேல் நமக்குப் பொறாமை. பெருநாளன்று வட்டலப்பத் தட்டு நம்மைக் கடந்து செல்கையில் நாம் படும் பாட்டை அது அறியாது. பூனைக்கு இனிப்பின் சுவையே தெரியாதாம். இனிப்பை உணரும் நாவுக்குரிய மரபணு அவ்வினத்தில் பழுதுபட்டிருப்பதை 2005இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அப்படியிருந்தும், கொழுத்துச் சோம்பிய பூனைகளுக்குச் சலரோகம் வருவதுண்டு! தின்னாமலே அகப்பட்டுக் கொள்ளும் அந்தப் பிராணிகளுக்காக இரங்குகிறோம்.

ஒருநாள் அது சோர்ந்து கிடந்ததைக் கண்ட நம் பேரன், நம் குளிசைப் பெட்டியிலிருந்து பாதிப் பனடோலை எடுத்து மீனுக்குள் மறைத்துவிட்டான். நல்லவேளையாகக் கண்டுவிட்டோம். மனிதரின் ஈரல் செய்யும் வேலையைப் பூனையின் ஈரல் செய்ய இயலாது. சிறு துண்டும் அதன் உயிரைக் குடிக்கும். மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இனி, இப்பத்தியை எழுதத் தூண்டிய சங்கதி. மழை விட்ட ஒரு காலையில், திண்ணையிலிருந்து குசினி வரை சீமெந்துத் தரையில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாகத் தென்பட்டன. பூனை காலை வெட்டிக்கொண்டது போலும் என்று பதறி, மூக்குக் கண்ணாடியை மாட்டி, அதன் நான்கு பாதங்களையும் விரித்து விரித்துப் பார்த்தோம். ஒரு கீறலுமில்லை. வாசலில் நின்ற மகள்தான் அலறினாள்:

"வாப்பா, ரத்தம் உங்கட கால்ல!"

வளவில் வெறுங்காலோடு நடந்தபோது ஏறிய சிரட்டைச் சில்லு குதிகாலில் ஆழப் பதிந்திருந்தது. நாம் அறியவேயில்லை. பல்லாண்டு மிகுந்திருந்த சீனி பாதத்து நரம்புகளை மரக்கச் செய்துவிடுகிறது; இரத்த ஓட்டமும் குன்றுகிறது. வலி என்னும் காவற்காரன் உறங்கிவிட்டால், சிறு புண்ணும் அழுகிக் காலையே கேட்கும். ஐந்து வாரம் மருந்து கட்டியபின் நம் கால் நமக்கே கிடைத்தது.

காயம் ஆறுமுன்னரே வீட்டில் வழக்கு எழுந்தது. பூனையைச் சாக்கில் கட்டிக் குளத்துக்கு அப்பால் விட்டுவிட வேண்டுமென்றார் மருமகன். நாம் அபூ கதாதா (ரலி) அவர்களின் வரலாற்றை எடுத்துரைத்தோம். அம்முதியவர் வுழூச் செய்ய அவருடைய மகனின் மனைவி கப்ஷா நீர் வார்த்தபோது, தாகித்த பூனையொன்று வந்தது. அவர் பாத்திரத்தை அதற்காகச் சாய்த்துக் கொடுத்தார். கப்ஷா வியந்து நோக்க, பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றித் திரிபவற்றுள் ஒன்று என நபிகளார் (ஸல்) மொழிந்ததை அவர் எடுத்துரைத்தார். இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் இது பதிவாகியுள்ளது.

மகள் பொறுமையாகக் கேட்டாள். "அவர் தண்ணிப் பாத்திரத்தத்தானே வாப்பா சாய்ச்சிக் குடுத்தார்? புண்ண நக்கக் குடுக்கல்லியே" என்றாள்.

நமக்கு வாயடைத்தது. அவள் சொன்னது நியாயம். பூனையின் வாயிலும் நகத்திலும் உள்ள கிருமிகள் திறந்த புண்ணுக்கு ஆகா. அது கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டும். நாயைப் போலப் பூனையாலும் விசர்நோய் பரவுமாதலால் அதற்கும் தடுப்பூசி அவசியம். ஆகவே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: பூனைக்கு ஊசி, நமக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் அதற்கு நம் அறைக்குள் அனுமதியில்லை. மருமகன் சாக்கை மடித்து வைத்தார். எறிந்துவிடவில்லை என்பதைக் கவனித்தோம்.

நாள்தோறும் இஷாவுக்குப் பின், அறைக்குச் செல்லுமுன், திண்ணையில் கண்ணாடியொன்றைத் தரையில் வைத்து உள்ளங்காலைச் சோதிக்கிறோம். அதில் முதலில் தெரிவது நம் பாதமன்று. ஒரு மூக்கும் மீசையும்.