பேணியில் பொறிக்கும் பெயர்

கனடாவில் வாழும் மன்னார் அன்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சலில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்க அவரது ஊர்ச்சங்கம் எண்ணியிருக்கிறது. எறிந்துவிடும் குவளைகளுக்குப் பதிலாக, கழுவித் திரும்பப் பாவிக்கும் 500 பேணிகளை வழங்கப் போகிறார்கள். சங்கத்தின் பெயரையும் இலச்சினையையும் அவற்றில் எந்த முறையில் அச்சிடலாம் என்பதே கேள்வி. பிறருக்கும் பயன்படும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் சங்கத்துக்கு ஒரு பாராட்டு. ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் கோப்பைகள் இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. கடுதாசிக் குவளை அதற்கு முழு மாற்றீடு அன்று. அதன் உட்புறத்திலும் பெரும்பாலும் மெல்லிய பொலித்தீன் பூச்சு உண்டு. மன்னார்க் கரைக்கு இனியும் பிளாஸ்டிக் வேண்டாம். 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் குறுமணிகள் அடுத்த மாதமே இந்தக் கரையிலும் ஒதுங்கின. வங்காலைச் சதுப்பு நிலமோ 2010இலேயே ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைகளின் புகலிடம்.

இனி அச்சு முறைகளுக்கு வருவோம். மலிவானது ஸ்கிரீன் பிரின்டிங். நிறத்துக்கு ஒரு திரை என்பதால், ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கில் அடித்தால் செலவு குறையும். ஆனால் மை மேற்பரப்பிலேயே நிற்கும். பொலிபுரொப்பிலீன் பேணியாயின், சுவாலையாலோ மின்பொறியாலோ மேற்பரப்பைப் பதப்படுத்தாவிடில் மை சரியாக ஒட்டாது. சில கழுவல்களிலேயே உரியத் தொடங்கும். புற ஊதா ஒளியால் மையை உலர்த்தும் டிஜிட்டல் அச்சு பல வண்ணப் படங்களுக்கும் சிறிய எண்ணிக்கைக்கும் ஏற்றது. எனினும் அதுவும் மேற்பரப்பில் நிற்கும் மையே. வார்ப்பின்போதே பெயர்ச்சீட்டை அச்சினுள் வைத்துப் பேணியின் சுவரோடு ஒன்றாக்கும் முறை மிக உறுதியானது. ஆனால் அது ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்கே கட்டுப்படியாகும். 500க்கு அன்று.

என் தெரிவு இவை எதுவும் அன்று. எவர்சில்வர் பேணி வாங்குங்கள். அதில் பெயரை வெட்டுங்கள். மை இல்லை, எனவே உரிந்து தண்ணீரில் விழவும் எதுவுமில்லை. லேசர் இயந்திரம் ஒரு பேணிக்கு எடுக்கும் நேரம் சொற்பம். பாத்திரக் கடைகளில் கையால் பெயர் வெட்டும் மின்பேனாவும் போதும். ஓர் எச்சரிக்கை: லேசர் சூடு உருக்கின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுத்தால், எழுத்தின் வழியே துரு பிடிக்கலாம். மன்னாரின் உவர்க்காற்றில் அது விரைவில் தெரியும். ஆகவே 304 ரக உருக்கைக் கேளுங்கள். மாதிரிப் பேணி ஒன்றைச் சில நாட்கள் உப்புநீரில் ஊறவைத்து, தும்பால் ஐம்பது தடவை தேய்த்துப் பார்த்த பின்னரே மிகுதிக்கு முற்பணம் கொடுங்கள்.

எழுத்திலும் கவனம் தேவை. சிறிதாக வெட்டினால் தமிழின் புள்ளிகளும் சுழிகளும் அடைபட்டுப் போகும். 'மன்னார்' என்பது 'மனனார' ஆகிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வருவது வெறும் குழப்பம். பெயரைப் படமாக்கி அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் மாதிரியைப் பார்க்கட்டும். வாய் படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு எதையும் பொறிக்க வேண்டாம்.

இனி, அன்பருக்குப் பிடிக்காத பகுதி. ஆண்டையும் விழாப் பெயரையும் போடாதீர்கள். வண்ண இலச்சினையும் வேண்டாம். ஜெர்மனியின் நத்தார்ச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே முற்பணம் வாங்கிக்கொண்டு தரும் குவளையில் ஆண்டும் அழகிய படமும் இருப்பதால், பலர் முற்பணத்தைக் கைவிட்டுக் குவளையை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். விற்பவருக்கு நட்டமில்லை. தண்ணீர்ப் பந்தலில் முற்பணம் வாங்க முடியாது. நினைவுப்பொருளாகிவிட்ட பேணி திரும்பி வராது. அடுத்த ஆண்டு மீண்டும் 500 வாங்க வேண்டும். அப்போது அதுவும் விலை கூடிய எறிகுவளையே.

நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டியது எதற்காக? விளம்பரத்துக்காக அன்று. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இரவல் போன அண்டாவும் செம்பும் உரிய வீட்டுக்குத் திரும்புவதற்காக. பெயர் என்பது திரும்பி வரும் விலாசம். சங்கம் அந்த மரபைப் பின்பற்றினால் போதும்: 'தண்ணீர்ப் பந்தல், திருக்கேதீச்சரம்' என்று மட்டும் இருக்கட்டும். உபயகாரர் பெயர் பந்தலின் பதாகையில் பெரிதாகவே இருக்கலாம்; யார் வேண்டாம் என்றார்கள்? ஆடித் திருவிழாவுக்கும் ஆவணி மடுத் திருவிழாவுக்கும் இரவல் போகக்கூடிய பேணிக்கு எவரது விளம்பரமும் இடைஞ்சலே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பேணிக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. வாய் படாமல் பலரும் குடிக்க உதவிய மூக்குப்பேணியைப் பெருமையோடு பேசுகிறோம். அதே யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பாத்திரம் இருந்ததையும், அதற்கெதிராக 1960களில் அவர்கள் போராட நேர்ந்ததையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கழுவிப் பாவிக்கும் பேணி திரும்ப வரும்போது, யார் குடித்த பேணி என்ற பழைய கேள்வியும் கூடவே வரக்கூடாது. உபயகாரருக்கு ஒன்று, பிரமுகருக்கு ஒன்று, மற்றவர்க்கு ஒன்று என வேறு அடையாளம் எதுவும் வேண்டாம். எல்லாப் பேணியும் ஒன்றுபோல் இருக்கட்டும். எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவட்டும்.

அச்சுக்கூலியில் மிஞ்சும் பணத்தில் கழுவுவதற்கு இரண்டு பெரிய தொட்டிகளும், அந்த வேலைக்கு நான்கு பேருக்குச் சம்பளமும் ஒதுக்குங்கள். எந்த மையாலும் பேணியைத் திரும்பக் கொண்டுவந்து கழுவி வைக்க முடியாது.