ஜீப் வண்டியை உயர்த்துதல்

பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதிகளில் மழைக்காலச் சேற்றை எண்ணி, ஜீப் வைத்திருக்கும் மிராசுதாரர் சிலர் அதன் உடலை உயர்த்திக்கொள்ள விரும்புகின்றனர். 1948-ல் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்ஸின் தொழிற்சாலை அமைந்த எண்ணூர் முதல் திருவொற்றியூர், ராயபுரம் வரை பட்டறைகளுக்கும் குறைவில்லை. எனினும், செலவிடுமுன் ஆராய வேண்டுவன சில உள.

வில் பட்டைகளை மாற்றுவதால் உயர்வது உடலேயாம். அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி முன்போலவே தாழ்ந்து நின்று, வரப்பிலும் சேற்றிலும் இடிக்கும். உயரம் மிகுந்தால் வண்டி கவிழும் அபாயமும் மிகும். சுழல்தண்டின் கோணம் மாறி, அதன் மூட்டுகளும் விரைவில் தேயும். மேலும், உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியுள்ளது.

பெரும்பாலும் பழைய ஜீப்புகள் தாழ்ந்திருப்பதற்குக் காரணம், வில் பட்டைகள் வளைவிழந்து தட்டையாகிவிடுவதே. ஆதலால், அதே அளவுள்ள புதிய பட்டைகளைப் பூட்டி இழந்த உயரத்தை மீட்பதும், அனுமதிக்கப்பட்ட அளவில் ஆழ்ந்த வரிகளுள்ள டயர்களை இடுவதுமே சிக்கனமாகும். கிராம அதிகாரிகளும் வண்டிப்பாதையின் ஓரக் கால்வாய்களை மழைக்கு முன் தூர்வாரச் செய்வாராயின், ஜீப்பில்லாத குடியானவனுக்கும் அது பயன் தரும்.