மாத்திரை மட்டும்தான் இலவசம்

“எச்.ஐ.வி. மாத்திரையை 2004 முதல் அரசே இலவசமாகத் தருகிறது, பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு அக்கறையில்லை” என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. நாமக்கல்லில் இந்த நோயை லாரித் தொழிலோடு சேர்த்தே பேசிப் பேசி, ஓட்டுநர் குடும்பங்களைச் சந்தேகிக்கப் பழகியது யார்? இந்த மாத்திரை தரும் உள்ளூர் ஏ.ஆர்.டி. மைய வரிசையில் பங்காளி பார்த்துவிட்டால் மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறியும். அதற்குப் பயந்து அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவருக்கு ஒருநாள் கூலி போகிறது. தறிக்குப் போகிற பெண்ணுக்கோ வீட்டில் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். இதுவா இலவசம்? மாத்திரை தவறினால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்கே அடங்காமலும் போகலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்குச் சிகிச்சை மறுப்பதையும், சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடுவதையும் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அக்கறை எங்கே என்ற கேள்வியை, அதை மீறுகிறவர்களிடம் முதலில் கேளுங்கள்.