கூடாரத்துக்கு எத்தனை தூரம்?

நெல்லிக்குப்பத்திலும், அருகேயுள்ள நெய்வேலி நகரியத்திலும், பள்ளி விடுமுறையில் குடும்ப சமேதராய் எங்கேனும் கூடாரமிட்டு இரண்டு இரவுகள் கழிக்கலாம் என்ற யோசனை எழுந்த மாத்திரத்திலேயே, உதகை, கொடைக்கானல் என்ற பெயர்களே முதலில் உச்சரிக்கப்படுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று என்பதே, அம்மலைகள் எத்தகைய ஜனநெருக்கடிக்கு ஆளாகியிருக்கின்றன என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியம்.

குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு செல்கிறவர்கள், காலைப் பலகாரம் முடித்துப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சேரக்கூடிய இடத்துக்கு அப்பால் போகலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். விடுதி அறையானது நள்ளிரவில் போனாலும் விளக்கும் படுக்கையுமாய்க் காத்திருக்கும்; கூடாரமோ, தரையின் சரிவையும், எறும்புப் புற்றையும், காற்றடிக்கும் திசையையும், தண்ணீர் கிடைக்கும் இடத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, முளையடித்து, கயிறு கட்டி, அடுப்பு மூட்டிய பிறகே வீடாகிறது. எட்டு மணி நேரம் காரில் குலுங்கி, வாந்தியெடுத்துச் சோர்ந்த குழந்தை இருட்டில் இறங்கி அழுகையில், தகப்பனார் கைவிளக்கொளியில் கயிற்றைத் தேடுவாரானால், அந்தப் பிரயாணத்தில் எவருக்கு என்ன சந்தோஷம் மிஞ்சும்? சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் மாற்றி மாற்றி உழைத்து, அரிதாய்ச் சேரும் விடுப்பை நெடுஞ்சாலையிலேயே செலவிடுவது பெரும் விரயம் அல்லவா?

சமவெளியின் சித்திரை உஷ்ணத்தில் கூடாரத்துக்குள் படுக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால், பொங்கல் விடுமுறை இருக்கிறது. தை ஐந்தாம் நாள், சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் தென்பெண்ணைக்கு எழுந்தருளும் ஆற்றுத் திருவிழாவில், கட்டுச்சோற்று மூட்டையோடு மணலில் குடும்பம் குடும்பமாக அமரும் வழக்கம் நம்முடையது. அந்தக் குளிர்ந்த பருவத்தில் ஓர் இரவு வெளியில் தங்குவது நமக்கு அந்நியமான காரியமன்று.

பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு படகில் சென்று காணத்தக்கதேயன்றி, அனுமதியின்றித் தங்கத்தக்கதன்று. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னரும் வனத்துறையின் விதிகளை அலட்சியம் செய்வோர் இருப்பது மிகுந்த வேதனைக்குரியது. எனக்குப் பிரியமானவை பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அவற்றை வேரோடு சாய்த்தபோது, இனி ஒரு தலைமுறைக்கு இங்கே நிழல் இல்லை என்று அஞ்சினோர் பலர். மனந்தளராத குடியானவர்கள் மீண்டும் கன்று நட்டார்கள். செம்மண்ணும், தாழப் படர்ந்த கிளைகளும், குழந்தைகள் ஏறி விளையாட ஏற்ற மரங்களுமாய், நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய அந்தத் தோப்புகளில், கொட்டை பொறுக்கும் காலத்தைத் தவிர்த்து, உரியவரிடம் கேட்டு, அவருக்கு நியாயமான வாடகையும் கொடுத்துத் தங்கலாம். பிள்ளைகள் வளர்ந்து, தாமே முளையடிக்கத் தெரிந்துகொண்ட பிறகு, கல்வராயன் மலை வரை போகட்டும்.

அரசு சுற்றுலாத் துறை தென்பெண்ணைக் கரையிலோ தேவனாம்பட்டினக் கடற்கரையை ஒட்டியோ, குடிநீரும், பெண்களுக்குப் பாதுகாப்பான கழிப்பிடமும், இரவுக் காவலும் அமைந்த ஒரு திடலைக் குறைந்த கட்டணத்தில் ஏற்படுத்தித் தருமாயின், கார் இல்லாத குடும்பங்களும் டவுன் பஸ்ஸில் ஏறி வந்து கூடாரமிட இயலும்; வருகிற தை மாதத்துக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் இதைப் பரிசீலிக்க வேண்டும்.